குளத்து மீனில் சேத்து வாடை: எத்தனை தடவை கழுவினாலும் போக மாட்டேங்குது

தூத்துக்குடி_மருமக கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்து வளந்தது தூத்துக்குடி, வாக்கப்பட்டது சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல ஒரு ஊரு. எங்க அப்பா வீட்டுல மீன்னா கடல் மீன்தான். சாளை, பாறை, ஊளி, விளைமீன், வசதி இருக்கிற அன்னைக்குச் சீலா. குளத்து மீன் எங்க வாசப்படி ஏறினதே கிடையாது. இங்க அப்படியே தலைகீழ். மாமனாருக்குக் கடல் மீனே பிடிக்காது, "ஐஸ்ல கிடந்து வந்ததை யாரு திங்க"ன்னு சொல்லிருவாங்க.

போன வாரம் பக்கத்துக் குளத்துல வலை போட்டாங்கன்னு இவுக ரெண்டரைக் கிலோ கட்லாவும், ஒரு பை நிறையச் சிலேப்பியும் (திலாப்பியா) வாங்கிட்டு வந்தாங்க. துள்ளத் துள்ள இருந்த மீன், பழசுன்னு சொல்லவே முடியாது. செதிலை எடுத்து, துண்டு போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவினேன். அதுக்கு மேல எலுமிச்சம்பழமும் பிழிஞ்சேன். எங்க அம்மா வைக்கிற மாதிரி தேங்காய், சீரகம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) அரைச்சு ஊத்தி, தக்காளி போட்டு, புளி கொஞ்சமா விட்டுக் குழம்பு வச்சேன். கொதிக்கும்போது வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. வாயில வச்சா, குளத்தங்கரையில நின்னா ஒரு வாடை வருமே, அது அப்படியே தொண்டையில ஏறுது. சிலேப்பியப் பொரிச்சும் பார்த்தேன். மேல மசாலா ருசி, உள்ள சேறு.

அத்தை ஒண்ணும் சொல்லாம ரசத்தை ஊத்திக்கிட்டாங்க. மாமா மட்டும் "குளம் வத்திட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டுச் சாப்பிட்டாங்க. இதே குளத்து மீனைக் கார்த்திகையில செஞ்சப்ப இந்த வாடை துளிகூட இல்ல, அதுதான் எனக்குப் புரியல. இது எதனால வருது? போக்க வழி உண்டா? வீட்டுல நாலு வயசுப் பிள்ளை இருக்கு, குடுக்கலாமா?

---

பாளையங்கால்வாய் பதில்:

தூத்துக்குடிக்கே ஒரு நடை பஸ் ஏறி சாளை வாங்கிட்டு வந்துருங்க தங்கச்சி, பிரச்சினை தீந்துச்சு.

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. எங்க ஆச்சி அடுப்புச் சாம்பலைப் போட்டு உரசி, கழனித்தண்ணியில அலசுவா. இப்ப எங்க வீட்டுல கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்க போக? கழனித்தண்ணி மட்டும் நடக்குது. அதுல ஊறப்போட்டுப் பாருங்க. மோர்லயும் ஊறப்போடலாம்னு சொல்லுதாங்க. முக்கூடல் அக்கா இந்தப் பக்கம் வந்தா சரியாச் சொல்லுவாங்க, அவங்க மீன்கடைக்காரங்க.

---

முக்கூடல்_மீன்கடை பதில்:

வந்துட்டேன், வந்துட்டேன்.

தங்கச்சி, நாங்க மீன்பாசி குத்தகை, அதான் குளத்துல மீன் பிடிக்குத உரிமை, எடுக்குத குடும்பம். வீட்டுக்காரர் வலைக்குப் போவாரு, நான் கடையில அருவாமனையப் போட்டு உக்காந்திருப்பேன். பங்குனி சித்திரை வந்துட்டா மீன் வாங்க வாரவங்கள்ல பாதிப் பேரு நீ கேட்டதைத்தான் கேப்பாங்க. அதனால விவரமாச் சொல்லுதேன், நீளும், பொறுத்துக்கோ.

உன் கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. அந்த வாடை மீனுக்கு மேல இல்ல, சதைக்குள்ள இருக்கு. ஊறுகாயைக் கழுவி உப்பை எடுக்க முடியுமா? அதே கதைதான். உப்பும் மஞ்சளும் போட்டு உரசுனா கொழகொழப்பு போகும், கவுச்சி குறையும். சாம்பலும் கழனித்தண்ணியும் செய்யுத வேலையும் அதுதான். பாளையங்கால்வாய்த் தம்பியோட ஆச்சி சாம்பல் போட்டது கெளுத்தியும் விராலும் கையில வழுக்காம இருக்க. கவுச்சி வேற, சேத்து வாடை வேற. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் எல்லாரும் குழாயத் தொறந்து விட்டுட்டு நிக்காங்க.

கார்த்திகையில ஏன் இல்லன்னு கேட்டியே, நல்ல கேள்வி. ஐப்பசி கார்த்திகையில மழை பெய்ஞ்சு குளம் பெருகி மறுகால் விழும். உள்ள புதுத்தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், பழைய தண்ணி போய்க்கிட்டே இருக்கும். அப்பப் பிடிச்ச மீனு ஆத்து மீனு கணக்கா இருக்கும். பிசானம் நெல் அறுப்பு முடிஞ்ச பொறவு குளத்துக்குத் தண்ணி வரத்து நின்னுரும். தண்ணி தேங்கி வெயில்ல காய்ஞ்சு இடுப்பளவு, முழங்காலளவுன்னு இறங்கும். பச்சைப் பச்சையாப் பாசி கட்டும். ஆனா வலை போடத் தோதான நேரமும் அதுதான். நிறைகுளத்துல கட்லாவ மடக்க முடியுமா? வலைக்கு மேல தாவிட்டுப் போயிரும். குத்தகைத் தவணை முடியுத நாளும் நெருங்கிரும். அதனால வாடை ஏறுத மாசமும் மீனு மலிவா வருத மாசமும் ஒண்ணாப் போச்சு. உங்க மாமா ஒத்தை வரியில சொன்னது முழுக்கச் சரி.

இன்னொண்ணு. சேத்தைத் தின்னுத மீனுலதான் சேத்து வாடை வரும்னு ஊரெல்லாம் ஒரு பேச்சு. மிருகாலும் சாதாக்கெண்டையும் அடியில மேயுத மீனு, சரி. கட்லா மேத்தண்ணியில மேயுத மீனாச்சே, அதுக்கு ஏன் வருது? வயித்துல இருக்குத சேறு காரணம்னா குடலை எடுத்ததோட வாடை போயிருக்கணும்லா. போகல. நான் அறுத்த அளவுல சொல்லுதேன், கொழுத்த மீனுலதான் கூடத் தெரியுது. அதே குளம், அதே வலை, அரைக்கிலோ ரோகுல லேசா இருக்கும், மூணு கிலோ கட்லாவோட வயித்துத் துண்டுல வாய வைக்க முடியாது.

வாங்கும்போதே பாதி வேலை முடியணும். எந்தக் குளத்து மீனுன்னு கேளு, அதுக்கு மேல தண்ணி எம்புட்டு கிடக்குன்னு கேளு. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிக் கிடக்குத குளமா, சாக்கடை சேருத குளமான்னு ஊருக்காரங்களுக்குத் தெரியும். செவுளைத் தூக்கி மோந்து பாரு. ரத்தச் சிவப்பா இருந்தா மீனு புதுசு, அவ்வளவுதான். புது மீனுலயும் சேத்து வாடை இருக்கும், அதனால நிறத்தைப் பாத்து ஏமாறாத. மோந்தும் சந்தேகமா இருந்தா, வீட்டுக்குக் கொண்டு வந்து வால் துண்டு ஒண்ணை உப்பு, மஞ்சள் ஒண்ணும் போடாம மூடி வேகவை. மூடியத் தொறக்குத நேரம் மூக்கைக் கிட்ட கொண்டு போ. வாடை இருந்தா அந்த ஆவியிலயே தெரிஞ்சுரும். இல்லன்னா உங்க அம்மா குழம்பைத் தாராளமா வையி. இருந்தா கீழ சொல்லுதபடி செய்யி.

அறுக்குத விதம்தான் முக்கியம். கட்லா தோலை உரிச்சுரு. கடைக்காரங்க செதிலை மட்டும் சீவித் தருவாங்க, தோலை எடுக்கச் சொன்னா முகத்தைச் சுளிப்பாங்க (நானும் சுளிப்பேன், ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல எங்க நேரம்?). கேட்டு வாங்கிக்கோ. தோலுக்கு அடியில, பக்கவாட்டுல, செவுள்ல இருந்து வால் வரைக்கும் கருஞ்சிவப்பா ஒரு சதை ஓடும். கத்தி முனையால கீறி எடுத்துரு, வாடை அதுலதான் அதிகம். வயித்துக்குள்ள முதுகு முள்ளை ஒட்டி ரத்தக்கட்டி மாதிரிக் கருப்பா ஒண்ணு கிடக்கும். கட்டைவிரல் நகத்தால சுரண்டி, அந்த இடத்தை மட்டும் நல்லாக் கழுவு. சிலேப்பி வயித்தைக் கீறுனா உள்சுவர்ல கரி பூசுன மாதிரி ஒரு சவ்வு ஒட்டிக் கிடக்கும். கல்லுப்பு வச்சுத் தேய்ச்சா உரிஞ்சு வந்துரும், அதை விடவே கூடாது. வயித்துத் துண்டை என்ன செய்யன்னு கேப்ப. எங்க பக்கம் வயித்துத் துண்டுக்குத்தான் வீட்டுக்குள்ள சண்டையே. ஆனா வத்துன குளத்து மீனுன்னா அந்தக் கொழுப்பு வேண்டாம், பூனைக்குப் போட்டுரு. தலையும் அப்படித்தான். கார்த்திகை மாசம் தலையத் தேடித் திங்கலாம்.

அறுக்கும்போது பித்தப்பை உடைஞ்சுராமப் பாத்துக்கோ. உடைஞ்சா சதை கசக்கும். கசப்பையும் சேத்து வாடைன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தவங்க உண்டு.

அடுத்தது புளி. எலுமிச்சை அளவு புளியக் கெட்டியாக் கரைச்சு, துண்டு முங்குத அளவு தண்ணி விட்டு, ரெண்டு கை கல்லுப்பைப் போட்டு, இருபது நிமிசம் ஊறவை. அந்தத் தண்ணியக் குழம்புல ஊத்தக்கூடாது, கொட்டிரு. நீ எலுமிச்சம்பழம் பிழிஞ்சது நல்ல யோசனைதான், ஆனா மேலாக்கப் பிழிஞ்சு ஒடனே கழுவியிருப்ப. உள்ள இறங்க நேரம் வேணும்லா. அதுக்காக ஒரு மணிநேரம் போட்டுராத, சதை வெளுத்து மாவாப் போயிரும்.

இப்பக் குழம்பு. தங்கச்சி கோவிச்சுக்கப்புடாது, தூத்துக்குடித் தேங்காய்க் குழம்பு பாறைக்கும் ஊளிக்கும்தான். வாடை மீனுக்குத் தேங்காய் ஊத்துனா, தேங்காய் எல்லாத்தையும் சாந்தப்படுத்திட்டு அந்த வாடைய மட்டும் தனியாத் தூக்கிக் காட்டும். பங்குனி மீனுக்குத் தேங்காயே வேண்டாம். மண்சட்டியில நல்லெண்ணெய் தாராளமா விட்டு, வெந்தயம், கருவேப்பிலை தாளிச்சு, சின்ன உள்ளி ஒரு கையும் பூண்டு அதுல பாதியும் முழுசாப் போட்டு வதக்கு. வத்தலும் மல்லியும் மிளகும் வறுத்து அரைச்ச மசாலாவைப் போடு. புளி வழக்கத்தை விடத் தூக்கலா இருக்கட்டும். அந்த மாசம் மாங்காய் சும்மா கிடைக்கும், புளிப்பான மாங்காயா நாலு கீத்துப் போடு. குழம்பு கொதிச்சு எண்ணெய் பிரிஞ்சு மேல மிதந்த பொறவுதான் மீனு உள்ள போகணும். போட்டா பத்து நிமிசம், மூடி போடாத. அடுப்பை அணைச்சு ஒடனே சாப்பிடாம, காலையில வச்சதைச் சாயங்காலம் ஊத்து. மறுநாள் பழைய சோத்துக்கு இன்னும் நல்லாருக்கும்.

பிள்ளைக்குக் குடுக்கலாமான்னு கேட்டிருக்க. நாங்க எல்லாம் தின்னு வளந்ததுதான். ஆனாப் பிள்ளைக்குக் கட்லா முள்ளுதான் பயம். மீன்வளம் படிக்குத தம்பி ஒருத்தன் இங்க உண்டு, அவன் சொல்லட்டும்.

---

மீன்வளம்_மூன்றாமாண்டு பதில்:

அக்கா கூப்பிட்டதால வந்தேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிக்கிறேன். அக்கா அனுபவத்துல சொன்னது கிட்டத்தட்ட எல்லாமே பாடத்தோட ஒத்துப்போகுது, காரணத்தை மட்டும் சேர்த்துச் சொல்றேன்.

அந்த வாடைக்குச் சேறு காரணம் இல்ல. ஜியோஸ்மின், மெத்தில் ஐசோபோர்னியால்னு ரெண்டு வேதிப்பொருள் இருக்கு. தேங்கின தண்ணியில வளர்ற நீலப்பச்சைப் பாசியில சில வகையும், மண்ணுல இருக்கிற ஆக்டினோமைசீட்ஸ்ங்கிற நுண்ணுயிரும் இதை உண்டாக்கும். ஜியோஸ்மினைப் பிரிச்செடுத்து அடையாளம் கண்டது 1965-ல. கோடை மழை விழுந்ததும் வர்ற மண்வாசனையில இருக்கிறது இதுதான். பீட்ரூட்டை அறுத்தா வர்ற மண் வாடையும் இதேதான். மழையில வந்தா ரசிக்கிறோம், மீன்ல வந்தா தட்டைத் தள்ளிடுறோம். மனுச மூக்கு இதை அநியாயத்துக்குக் கண்டுபிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணியில 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிஞ்சுடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கா வச்சா, அதுல ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

மீனுக்குள்ள இது பெரும்பாலும் செவுள் வழியாப் போகுது. தின்னு ஏற வேண்டியதில்ல, மூச்சு விட்டாலே போதும். அதனாலதான் மேத்தண்ணி மீனான கட்லாவுக்கும் வருது. கொழுப்புல கரையுற பொருள்ங்கிறதால தோலுக்கடியில, கருஞ்சதையில, வயித்துப் பக்கத்துல போய்ச் சேரும். அக்கா வெட்டி எறியச் சொன்ன இடமெல்லாம் அதுதான். ஏறுறது சில மணிநேரத்துல ஏறிடும், இறங்குறதுக்குத்தான் பல நாள் ஆகும்.

புளி வேலை செய்யறதுக்கும் காரணம் உண்டு. அமிலத்துல ஜியோஸ்மின் சிதைஞ்சு வாசனை இல்லாத வேற பொருளா மாறும். ஆனா கரைச்ச புளித்தண்ணி தடித்துண்டோட நடு வரைக்கும் போகாது. அதனால துண்டை ஒரு விரல் தடிமனுக்குப் போடுங்க. வால் துண்டு சோதனையை மீன் பதப்படுத்துற பெரிய ஆலைகள்லயே செய்றாங்க. வெளிநாட்டுல கெளுத்திப் பண்ணைகள்ல வால் பக்கத்துத் துண்டை உப்பில்லாம வேகவச்சு மோந்து பார்க்கவே ஆள் வச்சிருக்காங்க. வாடை இருந்தா அந்தக் குளத்து மீனை அன்னைக்கு எடுக்க மாட்டாங்க.

பிள்ளைக்குக் குடுக்கிறதைப் பத்தி: மீன்ல இருக்கிற அளவுல ஜியோஸ்மினால உடம்புக்குக் கெடுதல் இல்ல, ருசிதான் கெடும். ஆனா நீலப்பச்சைப் பாசியில சில வகை விஷத்தையும் உண்டாக்கும். அது அதிகமாச் சேர்றது ஈரல்லயும் குடல்லயும். அதனால பச்சைப் பாசி கட்டின குளத்து மீனோட உள்ளுறுப்பை எதுக்கும் எடுத்துக்காதீங்க. செத்து மிதந்த மீன், சாயக்கழிவோ சாக்கடையோ விழுற தண்ணியில பிடிச்ச மீன் வேண்டவே வேண்டாம். அதுல இருக்கிற அழுக்குப் புளிக்குக் கட்டுப்படாது.

பித்தப்பை பத்தி அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. கெண்டை மீனோட பித்தப்பையை மருந்துன்னு பச்சையா முழுங்குற வழக்கம் சில இடத்துல இருக்கு. ரோகு, புல்கெண்டை பித்தப்பையை முழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து போனவங்களைப் பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவே இருக்கு. யார் சொன்னாலும் செய்யாதீங்க.

---

பாளையங்கால்வாய் பதில்:

அடேயப்பா, ஒரு கட்லாவுக்குள்ள இம்புட்டு விசயமா! தம்பி, சிலேப்பியும் நம்ம ஊரு மீனு இல்லையாமே, நெசமா? எங்க தாத்தா அதைக் கண்டாலே "கள்ளப்பய மீனு"ன்னு ஏசுவாரு. விராலு, குறவை எல்லாத்தையும் அது ஒழிச்சுட்டாம்.

அக்கா, அயிரை மீனைப் பால்ல விட்டா மண்ணைக் கக்கிரும்னு மதுரைப் பக்கம் சொல்லுதாங்களே, அதே மாதிரிக் கட்லாவையும் செய்யலாமா?

---

மீன்வளம்_மூன்றாமாண்டு பதில்:

நெசம்தான் அண்ணாச்சி. சிலேப்பி ஆப்பிரிக்கா மீன். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. அது வாயிலயே முட்டையை வச்சு அடைகாக்கும், வருசத்துல பல தடவை குஞ்சு பொரிக்கும், எந்தத் தண்ணியிலயும் பிழைக்கும். அதனால குளம் குளமாப் பரவிடுச்சு. உங்க தாத்தா ஏசினதுல நியாயம் இருக்கு.

---

முக்கூடல்_மீன்கடை பதில்:

கட்லாவைப் பால்ல விடணும்னா அண்டா கொள்ளாது, பால்காரனுக்குக் குடுத்தே மாளாது தம்பி.

அயிரை கதை வேற. அது விரல் நீள மீனு, குடலை எடுக்க மாட்டோம், முழுசாத் திங்குதோம். அதனால உசிரோட இருக்கும்போதே தேங்காய்ப் பால்லயோ மோர்லயோ உப்புத்தண்ணியிலயோ விட்டா வயித்துல கிடக்குத மண்ணைக் கக்கும். பொறவு கல்லுப்பைப் போட்டு மண்சட்டியோட உள்பக்கத்துல உரசிக் கழுவுவோம். பல்லுல நறநறன்னு கடிபடுத மண்ணுக்குத்தான் அந்தப் பாலு. தம்பி சொன்ன பாசி வாடைக்கு அது மருந்து இல்ல.

உசிரோட வச்சிருந்து வாடைய இறக்கணும்னா விராலுதான் தோது. அது தண்ணிக்கு மேல வந்து காத்தை வாங்குத மீனு, சின்னத் தொட்டியிலயும் சாகாது. கட்லா அப்படி இல்ல, வலையில இருந்து எடுத்துக் கரையேறுத முன்னாலயே போயிரும். விராலை வாங்கிச் சிமெண்டுத் தொட்டியில கிணத்துத் தண்ணியில விட்டு, தினமும் தண்ணிய மாத்தி, தீனி போடாம வச்சிருந்தா வாடை இறங்கிக்கிட்டே வரும். ஒரு ராத்திரி போதாது, வயிறு காலியாகும், அவ்வளவுதான். ஒரு வாரம் வச்சிருந்தா நல்லாத் தெரியும். குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்துனா குளோரின்ல மீனு சுருண்டுரும், ஒரு நா முழுக்கப் பிடிச்சு வச்சு ஊத்தணும். மேல பலகையோ கம்பிவலையோ போட்டுக் கல்லைத் தூக்கி வையி. விராலு ராத்திரியில தாவி வெளிய வந்து வாசல் வரைக்கும் ஊர்ந்துரும். காலையில கோலம் போட வருதவ அலறுவா.

விராலுன்னு சொல்லிக் கெளுத்தியத் தலைய வெட்டி, தோலை உரிச்சுத் துண்டு போட்டுத் தருத ஆளும் இருக்கு. அதுவும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளக்கவே தடை பண்ணுன மீனு. முழு மீனைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் அறுக்கச் சொல்லு.

---

தூத்துக்குடி_மருமக பதில்:

அக்கா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீதி கட்லா ஃப்ரீசர்ல இருந்துச்சு. வால் துண்டை வேகவச்சு மூடியத் தொறந்தேன், அப்பா! ஃப்ரீசர்ல வச்சதுல கொஞ்சங்கூடக் குறையல. தோலை உரிச்சு, அந்தக் கருஞ்சதையக் கீறி எடுத்து, புளித்தண்ணியில போட்டு, தேங்காய் இல்லாமக் குழம்பு வச்சேன். கருஞ்சதையத் தனியாக் கிண்ணத்துல வச்சு மோந்து பாத்தா வாடை முழுக்க அதுலதான் இருக்கு. குழம்புல முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், தேடிப் பாத்தா லேசாத் தெரியுது. ஆனா அத்தை ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

இப்ப வேற சிக்கல். மாமாவுக்கு நெஞ்செரிச்சல், புளி கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்களோ குளத்து மீனை விட மாட்டாங்க. புளிக்குழம்பைத் தொட்டா ராத்திரி தூங்க மாட்டாங்க. காரமும் குறைக்கணும். என்ன செய்ய?

---

முக்கூடல்_மீன்கடை பதில்:

இதுக்கு வழி இருக்கு. ஊறப்போட்ட புளித்தண்ணியக் கொட்டிட்டு, துண்டை நல்ல தண்ணியில ரெண்டு அலசு அலசுனா சதையில புளிப்பு பெருசா நிக்காது. அதுவும் பயம்னா புளிச்ச மோர்ல ஊறவச்சு அலசிக்கோ, புளி அளவுக்குக் கேக்காது, ஆனா குறைக்கும்.

மாமாவுக்குன்னு தனியா வாங்குதப்ப கட்லாவே வேண்டாம். கொழுப்பு கம்மியான மீனு வாங்கு. முக்காக்கிலோ விராலு, இல்லன்னா சின்ன ரோகு. தோலை உரிச்சு, மஞ்சளும் உப்பும் தடவி, மிளகு, சீரகம், பூண்டு மூணையும் அம்மியில ஒண்ணுரெண்டாத் தட்டிப் பூசு. மிளகும் மாமாவுக்கு எரிச்சல் தந்தா சீரகத்தைக் கூட்டிப் பூண்டோட நிறுத்திக்கோ. வாழையிலைய அனல்ல வாட்டி, அதுல மடிச்சு, தோசைக்கல்லுல மூடி போட்டு ரெண்டு பக்கமும் வேகவை. எண்ணெய் ஒரு கரண்டி போதும். வாழையிலை வாட்டமும் பூண்டும் சேந்தா மிச்சம் இருக்குத லேசான வாடை தெரியாது. வெஞ்சனமா வச்சு, பருப்புக்குழம்பை ஊத்திக் குடு. விராலுல முள்ளும் கம்மி, பிள்ளைக்கும் அதையே பிச்சுக் குடுக்கலாம்.

ஆத்து மீனு கிடைச்சா அதைவிட விசேசம். ஆனி ஆடியில மேல மழை பெய்ஞ்சு அணையத் தொறந்து ஆத்துல தண்ணி ஓடுதப்ப, அணைக்கட்டுப் பக்கம் பிடிக்குத கெண்டையும் ஆராலும் வரும். அதுல இந்தத் தொல்லை ஒண்ணும் இருக்காது, உங்க அம்மா தேங்காய்க் குழம்பே வைக்கலாம், மாமாவுக்குப் புளிய விட்டுட்டு வையி. ஆத்துமீனுன்னு சொல்லிக் குளத்து மீனை விக்கவும் செய்வாங்க, அதனால அப்பவும் வால் துண்டை வேகவச்சு மோந்துக்கோ.

விராலு உசிரோட வேணும்னா சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கடைக்காரங்ககிட்டச் சொல்லி வையி. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்து நின்னா சிலேப்பிதான் கிடக்கும்.

---

பாளையங்கால்வாய் பதில்:

அக்கா, அந்த வாழையிலை விராலுக்கு உள்ளி சேக்கணுமா, வேண்டாமா? எங்க வீட்டுல கேக்காங்க.

---

முக்கூடல்_மீன்கடை பதில்:

நாலு உள்ளியத் தட்டிப் போடு. கூடப் போட்டா தண்ணி விட்டு இலை நனைஞ்சுரும்.